களஞ்சிய அறையில் கிடைத்த துவக்கும் அதன் மேலுள்ள முத்திரைகளும்

திருகோணமலையிலுள்ள ஒரு பாடசாலையில் மாணவர் படையணிக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர் ஒருவர், களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தபோது உடைந்த வாங்குகளுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடந்த பழைய துவக்கு ஒன்றைக் கண்டெடுத்து, அதன் ஏழு படங்களை எனக்கு அனுப்பி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இது எந்த நாட்டில் செய்யப்பட்டது? இதன் இரும்பிலும் மரத்திலும் வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளுக்கும் அம்புக்குறிகளுக்கும் பொருள் என்ன? 1942 இல் யப்பானியர் விட்டுச்சென்ற துவக்கு இது என்று பழைய மாணவர்கள் சொல்லிவரும் கதையில் உண்மை உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. இது லீ என்பீல்ட் வகைத் துவக்கு. குழலின் உள்விட்டம் .303 அங்குலம் என்பதால் எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றும் 'த்ரீ நொட் த்ரீ' என்று சொல்லும் அதே துவக்கு. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1918 இல் செய்யப்பட்டு, பின்னர் இந்திய அரசின் உடைமையாகி, இந்தியாவில் திருத்தப்பட்டு, இறுதியில் சுடுவதற்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்டு அணிநடைப் பயிற்சிக்கு விடப்பட்டது. இவ்வளவையும் நான் ஊகித்துச் சொல்லவில்லை; உங்கள் படங்களிலேயே எழுதியிருக்கிறது. எப்படி எழுதியிருக்கிறது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு அவசர விடயம். பயிற்சித் துவக்கு என்று எழுதியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது துவக்குத்தான் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே அதிபரிடம் எழுத்தில் அறிவித்து, பாடசாலையின் பொருட்பதிவேட்டில் இந்த எண்ணுடைய துவக்கு பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிபர் மூலமாகவே பொலிஸ் நிலையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். தொடர் எண் தெரியும் படங்களை முகநூலில் போட வேண்டாம். முச்சக்கர வண்டியில் ஏற்றி எவரிடமும் காட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். போல்ட், அதாவது ரவையறையைத் திறந்து மூடும் இரும்புத்தண்டு, துருவேறி இறுகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுத்தியலால் தட்டித் திறக்க முயலாதீர்கள். உள்ளே ரவை இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்கும்வரை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்; அதைப் பார்க்க வேண்டியவர் பயிற்சி பெற்ற படைக்கலத் திருத்துநர் ஒருவர். பொலிஸார் வரும்போது அப்படி ஒருவரை அழைத்துவரும்படி கேட்கலாம்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுவது முறை. எனது தந்தையார் பிரித்தானியக் கடற்படை 1957 இல் இங்கிருந்து வெளியேறும்வரை டொக்யாட்டின், அதாவது கடற்படைக் கப்பல்தளத்தின், ஆயுதக் களஞ்சியத்தில் பிட்டராக (பொருத்துநராக) இருந்தார். அதன் பிறகும் அதே வாங்கில், வேறு சம்பளப் புத்தகத்தில், வேலையைத் தொடர்ந்தார். நான் எழுபதுகளில் அதே வேலைத்தலத்தில் சேர்ந்து, எண்ணெய்க் கறை படிந்த அவருடைய குறிப்புக் கொப்பியிலிருந்துதான் முத்திரைகளை வாசிக்கப் பழகினேன். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதற்பாடம், ஒரு துவக்கின் பிறந்த ஊர் வேறு, அது வாழ்ந்த ஊர்கள் வேறு என்பது. துவக்கின் கழுத்திலுள்ள இரும்புப் பட்டியில் இருக்கும் பெயரையும் ஆண்டையும் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்பவர், பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்து ஒருவனுடைய வரலாற்றைச் சொல்ல முனைபவரைப் போன்றவர். முத்திரைகளை அவை இருக்கும் இடத்தின்படி அல்லாமல் எந்த வரிசையில் அடிக்கப்பட்டன என்று கேட்டு வாசித்தால்தான் துவக்கு வாய் திறக்கும்.

இனி உங்கள் மூன்றாவது படத்துக்கு வருவோம். பின்கட்டை இரும்புடன் சேரும் இடத்தில், கை பற்றும் கழுத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டி இருக்கிறது. அதன் வலப் பக்கத்தில், மேலிருந்து கீழாக, ஒரு கிரீடம். அதன் கீழே ஆங்கில எழுத்துகளில் ஜி. ஆர்.; அதன் கீழே பி. எஸ். ஏ. கோ.; பிறகு 1918; பிறகு எஸ். எச். டி. எல். ஈ.; கடைசியாக ரோம எண்ணில் மூன்றும் அதன் அருகே ஒரு நட்சத்திரமும். கிரீடமும் ஜி. ஆர். என்பதும் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கின்றன. அவர் 1910 முதல் 1936 வரை ஆண்டவர். அவருக்கு முன் 1901 முதல் 1910 வரை ஆண்ட ஏழாம் எட்வேர்ட் காலத்துத் துவக்கு என்றால் ஈ. ஆர். என்றிருக்கும். கிரீடமே இல்லாமல் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், அரசுக்காகச் செய்யப்படாமல் வணிகத்துக்காகச் செய்யப்பட்ட துவக்காக இருக்க வாய்ப்பு அதிகம். பி. எஸ். ஏ. என்பது பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம். எங்கள் தலைமுறைக்கு அந்தப் பெயர் மோட்டார் சைக்கிளால்தான் அறிமுகம். ஆனால் பெயரிலேயே இருக்கிறதுபோல, அது துவக்குச் செய்யவே தொடங்கப்பட்ட நிறுவனம்.

எஸ். எச். டி. என்பது 'குட்டையான' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்; எல். ஈ. என்பது லீ என்பீல்ட். ஜேம்ஸ் பரிஸ் லீ என்பவர் வடிவமைத்த போல்ட்டையும் மகசின் எனப்படும் ரவைப் பெட்டியையும், இங்கிலாந்தின் என்பீல்டில் இருந்த அரச தொழிற்சாலை வகுத்த, சன்னத்தைச் சுழலச் செய்யும் குழற் பள்ளங்களையும் சேர்த்து 1895 இல் உருவான துவக்குக்கு அந்த இரட்டைப் பெயர் வந்தது. அதன் குழல் 30 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டிருந்தது. காலாட்படைக்கு ஒன்று, குதிரைப்படைக்கு ஒன்று என்று இரண்டு நீளங்களில் செய்வதை நிறுத்தி, எல்லோருக்கும் பொதுவாக 25 அங்குலச் சொச்சத்தில் குழலைக் குறுக்கிய பின்னரே 'குட்டையான' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. மூன்றாம் குறி, அதாவது ஆங்கிலத்தில் 'மார்க் த்ரீ', என்ற வடிவம் 1907 இல் வந்தது; பட்டியிலுள்ள ரோம எண் மூன்று அதைத்தான் காட்டுகிறது. அருகிலிருக்கும் நட்சத்திரம் அழகுக்காக வைத்ததன்று. முதல் உலகப் போரின் நடுவில், 1916 இல், தேவையான தொகையைச் செய்து முடிக்க இயலாமல், ரவைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவதற்கென்று மகசினை மூடும் தகடு, மிகத் தொலைவுக்குக் கூட்டமாகச் சுடுவதற்கென்று முன்கட்டையின் இடப் பக்கத்தில் இருந்த வட்டக் குறிகாட்டி முதலியவற்றை நீக்கி எளிமையாக்கினார்கள். அப்படி எளிமையாக்கப்பட்டதற்கு அடையாளம்தான் நட்சத்திரம். உங்கள் துவக்கின் இடப் பக்கத்தில் அந்த வட்டக் குறிகாட்டி இல்லாதிருப்பது எவரும் கழற்றி விற்றதால் அன்று; அது பிறக்கும்போதே இல்லை.

போலிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பாக்கிஸ்தானின் வடமேற்கு எல்லையிலுள்ள டாரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே இந்தத் துவக்குகளைப் படியெடுத்துச் செய்துவந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறன் வியக்கத்தக்கது. எழுத்துக்கூட்டல் அவ்வளவு வியக்கத்தக்கதன்று. என்பீல்ட் என்ற பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தோ, ஆங்கில 'என்' கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியோ இருந்தால் அது அங்கிருந்து வந்தது. விக்டோரியா மகாராணியின் வி. ஆர். முத்திரைக்குக் கீழே 1907 க்குப் பிந்திய ஆண்டும் மூன்றாம் குறியும் இருந்தால் அதுவும் அங்கிருந்து வந்ததுதான். மகாராணி 1901 சனவரியில் காலமாகிவிட்டார். உங்கள் பட்டியிலுள்ள எழுத்துகள் நேராகவும் ஒரே ஆழத்திலும் இருக்கின்றன, மன்னரும் ஆண்டும் ஒத்துப்போகின்றன. அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதுவரை பார்த்தது பிறப்பு. வாழ்க்கை அம்புக்குறியில் தொடங்குகிறது.

மேல்நோக்கி நிற்கும் மூன்று கோடுகளாலான, காக்கைக்கால் போன்ற அந்த அம்பு பிரித்தானிய அரசின் உடைமைக் குறி. துவக்கில் மட்டுமன்றித் தொலைநோக்கி, திசைகாட்டி, கத்தி, கூடாரம், எல்லைக்கல் என்று அரசு பணம் கொடுத்து வாங்கிய எதிலும் அதைக் காணலாம். குடியேற்ற நாடுகள் தத்தம் உடைமையைப் பிரித்துக் காட்ட அம்புடன் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டன. இந்தியாவுக்கு 'ஐ', அவுஸ்திரேலியாவுக்கு 'டி', தென்னாபிரிக்காவுக்கு 'யூ', கனடாவுக்கு 'சி' என்ற எழுத்துக்குள் அம்பு.

இந்தக் கடைசிக் குறியில்தான் நான் விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு நாள், பழைய கையிருப்பைக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'சி' எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு குத்தியிருந்த நான்கு துவக்குகளைக் கண்டதும், நம் நாட்டுக்கென்றே அடிக்கப்பட்ட குறி என்று மகிழ்ந்து, 'இலங்கை அரசின் உடைமை' என்று நல்ல கையெழுத்தில் எழுதிக் கையொப்பமும் வைத்துவிட்டேன். மாலையில் அப்பா பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். திட்டவில்லை. அந்தத் துவக்குகளில் ஒன்றை எடுத்துவந்து, அதன் இடப் பக்கத்தில் வெட்டியிருந்த 'லோங் பிராஞ்ச்' என்ற சொற்களின் மேல் என்னுடைய விரலைப் பிடித்து வைத்தார். "இது எங்கே இருக்கு தெரியுமா, மோனே? ரொறன்ரோவுக்குப் பக்கத்திலே. சிலோன் எண்டு எழுதிப்போட்டாய். கனடாக்காரன் கண்டால் வழக்குப் போடுவான்." பதிவேட்டில் என்னுடைய அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டித் திருத்திய கோடு அநேகமாக இன்றும் எங்கோ ஓர் இராக்கையில் இருக்கும். திருகோணமலையில் 'சி' எழுத்தைக் கண்டு 'சிலோன்' என்று சொல்லும் நண்பர்களை அதன் பிறகு பலமுறை சந்தித்திருக்கிறேன். அவர்களில் எவரையும் நான் கேலி செய்வதில்லை.

உங்கள் துவக்கில் இருப்பது 'ஐ' என்ற எழுத்துடன் கூடிய அம்பு. ஐந்தாவது படத்தில், பட்டிக்குச் சற்று முன்னால், 'பொடி' என்று வேலைத்தலத்தில் நாங்கள் சொல்லும் உடற்பகுதியின் மேல் அது தெளிவாகத் தெரிகிறது. முதலில் அடிக்கப்பட்ட வெறும் அம்பின் கோடுகள் தேய்ந்து ஆழமிழந்திருக்கின்றன. 'ஐ' யுடன் கூடிய அம்போ கூர்மையாக இருக்கிறது. ஆகவே பிரித்தானியாவில் பிறந்து சில காலம் அங்கே பாவிக்கப்பட்டு, பின்னர் இந்திய அரசின் கைக்கு வந்தது என்பது வரிசை. இதை உறுதிப்படுத்தும் இன்னொரு சான்று முத்திரையே அன்று, ஓர் ஆணி. முன்கட்டையின் குறுக்கே, மகசினுக்கும் பின்குறிகாட்டிக்கும் இடையில், மரத்தை ஊடுருவிச் செல்லும் திருகாணியின் தலை உங்கள் நான்காவது படத்தில் தெரிகிறது. பேர்மிங்ஹாமில் செய்த எந்தத் துவக்கிலும் அது பிறக்கும்போது இருந்ததில்லை. சுடும்போது ஏற்படும் உதைப்பால் அந்த இடத்தில் மரம் பிளப்பதைத் தடுக்க, இந்தியாவின் இஷாப்பூர்த் தொழிற்சாலை சேர்த்த திருகாணி அது. கல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி ஆற்றங்கரையில் 1904 இல் நிறுவப்பட்ட அந்தத் துவக்குத் தொழிற்சாலை புதிதாகச் செய்தது மட்டுமல்லாமல், பிரித்தானியாவிலிருந்து வந்து தேய்ந்த துவக்குகளைப் பிரித்துப் புதுக்கியும் கொடுத்தது. இந்தத் திருகாணியை முத்திரையை விடவும் நான் நம்புவேன். ஏனென்றால் முத்திரையைப் போலியாக அடிக்க ஆட்கள் உண்டு, பிளவு தடுக்கும் திருகாணியைப் போலியாக அடிப்பதில் எவருக்கும் இலாபம் இல்லை.

இஷாப்பூரிலேயே பிறந்த துவக்கு என்றால் பட்டியில் கிரீடத்தின் கீழ் ஜி. ஆர். ஐ. என்று மூன்று எழுத்துகள் இருந்திருக்கும். மூன்றாவது எழுத்து 'பேரரசர்' என்பதற்கானது, இந்தியாவுக்கு அவர் அரசராகவன்றிப் பேரரசராக இருந்ததால். சுதந்திரத்துக்குப் பின்னர் அங்கே செய்தவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. அறுபதுகளில் அதே வடிவத்தை 7.62 மில்லிமீற்றர் ரவைக்கு மாற்றி, இரண்டு ஏ, இரண்டு ஏ ஒன்று என்ற பெயர்களிலும் செய்தார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இவற்றைப் பிரித்தறிய மகசினைப் பாருங்கள், அது பெட்டிபோல் மூலை கூடியிருக்கும். இரண்டு ஏ ஒன்றின் பின்குறிகாட்டித் தகட்டிலோ அளவு 800 மீற்றருடன் நின்றுவிடும். உங்களுடையதில் 200 யாரில் தொடங்கி 2000 யார் வரை எண்கள் இருப்பதால் இது பழைய த்ரீ நொட் த்ரீயேதான்.

இனி எண்கள். இந்தத் துவக்கின் தொடர் எண் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை: பொடியின் முன்வளையத்தின் வலப் பக்கம், குழலின் அடி, போல்ட்டின் கைப்பிடியின் பின்புறம், குறிகாட்டித் தகட்டின் அடிப்பக்கம், துவக்கின் முனையிலுள்ள மூக்குக் கவசம், முன்கட்டையின் அடி என்று பல இடங்களில் ஒரே எண்ணை வெட்டியிருப்பார்கள். எல்லாம் ஒத்திருந்தால் அந்தத் துவக்கு ஒரே குடும்பமாகவே இருந்திருக்கிறது. உங்களுடையதில் போல்ட்டின் எண் ஒரு கோட்டால் வெட்டப்பட்டு, பக்கத்தில் பொடியின் எண் புதிதாக இடப்பட்டிருக்கிறது. இதைக் கண்டு யாரோ களவாக மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். களவன்று, ஒழுங்கு. போல்ட்டின் தலை குழலின் வாயில் சரியாக அமர்ந்தால்தான் சுடுபவருக்கு ஆபத்தில்லை. வேறொரு துவக்கின் போல்ட்டை எடுத்து, அளந்து பொருத்தி, இனி இது இந்தத் துவக்கினுடையது என்று அறிவிக்கும் திருத்துநரின் கையொப்பம்தான் அந்தக் கோடும் புதிய எண்ணும். பழைய எண் கோடிட்டு நீக்கப்படாமல், போல்ட்டின் எண்ணும் பொடியின் எண்ணும் வேறு வேறாக இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

சிறு முத்திரைகள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் விளக்கப் புகுந்தால் எழுதி முடியாது. கிரீடம், அதன் கீழே ஓர் எண், அதன் கீழே ஓர் எழுத்து என்ற சிறிய குறிகள் தொழிற்சாலைப் பரிசோதகர்களுடையவை; 'ஈ' என்ற எழுத்து என்பீல்டைக் காட்டும். குறுக்காக வைத்த இரண்டு கொடிகளுக்கு மேலே கிரீடமும் கீழே 'பி' என்ற எழுத்தும் இருந்தால், வழக்கத்தை விட அதிக அழுத்தமுள்ள ரவையைச் சுட்டுப் பார்த்துத் தாங்கியது என்று உறுதிசெய்யப்பட்டது என்பது பொருள். எச். வி. என்பது, 1910 இல் வந்த கூர்முனைச் சன்னத்துக்கு ஏற்பக் குறிகாட்டி திருத்தப்பட்டது என்பதைச் சொல்கிறது. அதற்கு முந்திய சன்னம் உருண்டை முனையும் கூடிய எடையும் கொண்டது, அவ்வளவு விரைவாகப் போகாதது.

இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நிற்கும் குறி ஒன்றுண்டு. அரச உடைமையிலிருந்து விற்று வெளியேற்றப்பட்டது என்பது அதன் பொருள். இதை உங்கள் துவக்கில் நான் காணவில்லை; பாடசாலைக்கு விற்கப்படாமல் இரவலாகவோ பயிற்சிக்கோ கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ண அது இடம் தருகிறது, ஆனால் குறி இல்லாததை வைத்து அதற்கு மேல் வாதிடக்கூடாது. புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இன்னொன்று: குழலில் 'இங்கிலாந்து' என்ற சொல்லோ, பி. என். பி. என்ற மூன்று எழுத்துகளோ, 18.5 தொன் என்ற அழுத்த அளவோ இருந்தால், அவை பிறப்புக் குறிகள் அல்ல. படையிலிருந்து கழிக்கப்பட்டு வணிகச் சந்தைக்குப் போகும் வழியில் பேர்மிங்ஹாம் பரிசோதனை நிலையத்தில் அடிக்கப்பட்டவை. இஷாப்பூரில் செய்த துவக்கிலும் 'இங்கிலாந்து' என்றிருக்கக் கண்டு குழம்பியவர்கள் உண்டு.

பின்கட்டையின் இடப் பக்கத்திலும் பொடியிலும் பெரிதாக வெட்டியிருக்கும் டி. பி. என்ற எழுத்துகள் 'அணிநடைப் பயிற்சிக்கு மட்டும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அதைச் சுற்றிய மங்கிய வெள்ளைப் பட்டியும் அதே காரணத்துக்காகப் பூசப்பட்டதுதான். குழல் தேய்ந்தோ பொடி வெடிப்புக் கண்டோ பாதுகாப்பாகச் சுட முடியாது என்று தீர்மானிக்கப்பட்ட துவக்குகளுக்கே இந்தக் குறியை இடுவார்கள். பலவற்றில் ரவையறையில் துளையிட்டும் ரவையை அடித்து வெடிக்கவைக்கும் அடிமுள்ளின் நுனியை வெட்டியும் விடுவார்கள். இது உங்கள் துவக்கில் அடிக்கப்பட்ட கடைசி முத்திரை. எழுத்துகளின் ஓரத்தில் இரும்பு இன்னும் சற்றுத் தூக்கி நிற்கிறது. மற்றவற்றின் ஓரங்கள் கைபட்டு மழுங்கிவிட்டன.

யப்பானியக் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் கதை பாடசாலையில் மேலும் ஐம்பது ஆண்டுகள் வாழும் என்று அஞ்சுகிறேன். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியது விமானங்களால். துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டுகள் விழுந்தன; அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஆனால் ஒரு யப்பானியச் சிப்பாயும் இங்கே கரையிறங்கித் துவக்கைப் போட்டுவிட்டு ஓடவில்லை. யப்பானியரின் அரிசாக்கா துவக்கு என்றால் பொடியின் மேல் பதினாறு இதழ்கள் கொண்ட செவ்வந்திப் பூ, அரச குடும்பத்தின் சின்னம், வெட்டப்பட்டிருக்கும். சரணடைந்தபோது பலவற்றில் அதை அராவி அழித்தார்கள், அழித்த தழும்பாவது இருக்கும். ஆயினும் கதைக்கு ஒரு சிறு நியாயம் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் காலாட்படைக்கே லீ என்பீல்ட் போதாமல் போனபோது, பிரித்தானியா யப்பானிடமிருந்து அரிசாக்கா துவக்குகளைப் பெருந்தொகையாக விலைக்கு வாங்கி, அவற்றில் ஒரு பகுதியைத் தன் கடற்படைக்குக் கொடுத்தது. கனடாவின் ரொஸ் துவக்கும் அப்படியே கடற்படைக்குப் போனது. ஆகவே ஒரு கடற்படைத் துறைமுகத்தில் செவ்வந்திப் பூ முத்திரையை எவராவது கண்டிருந்தால் அது எதிரியினுடையதாக இல்லாமல் நட்பு நாட்டிடம் வாங்கியதாகவும் இருக்கலாம்.

அப்படியானால் இந்தத் துவக்கு இந்தியாவிலிருந்து இங்கே எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையின் பாதுகாப்புக்கென்று இந்தியப் படைப்பிரிவுகளும் கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவுகளும் இங்கே நிலைகொண்டிருந்தன. நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் கற்களை வாசித்துக்கொண்டு நடந்தால் எத்தனை நாட்டவர் இங்கே இருந்தார்கள் என்பது விளங்கும். அந்தக் காலத்தில் இந்தியக் குறி பொறித்த துவக்கு ஒன்று இந்த ஊருக்கு வருவது அரிதான செய்தியே அன்று. ஆனால் இந்தக் குறிப்பிட்ட துவக்கு எந்தப் பிரிவுடன், எந்த ஆண்டில் வந்தது என்பதை வெளியில் தெரியும் முத்திரைகள் சொல்லவில்லை. முன்னைய துவக்குகளில் பின்கட்டையின் வலப் பக்கத்தில் பித்தளை வட்டம் ஒன்று பதித்து, அதில் படைப்பிரிவின் பெயரைச் சுருக்கமாக வெட்டுவார்கள். நட்சத்திரக் குறி வந்த காலத்தில் அந்த வழக்கத்தையும் சிக்கனம் கருதி நிறுத்திவிட்டார்கள். உங்களுடையதில் வட்டத்துக்குரிய குழியே இல்லை.

இன்னும் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, குழலின் அடிப்பகுதி. குறிகாட்டிக்குப் பின்னால் குழலை மூடியிருக்கும் சிறிய மரத்துண்டு வில்தகட்டால் கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தூக்கினால் குழலின் தேதியும் பரிசோதனைக் குறிகளும் வெளிப்படும். அங்கே 18 என்றிருந்தால் பிறந்த குழலே இன்னும் இருக்கிறது. நாற்பதுகளின் ஏதாவது ஓர் ஆண்டு இருந்தால், இஷாப்பூரில் திருத்தும்போது புதுக்குழல் பூட்டியிருக்கிறார்கள், அதாவது துவக்கு இலங்கைக்கு வந்தது அந்த ஆண்டுக்குப் பிறகுதான் என்று கொள்ளலாம். ஆனால் நீங்களாகத் தூக்க வேண்டாம். காய்ந்த மரத்தின் மெல்லிய காதுகள் இரண்டும் பட்டென்று முறியும், எனது கையாலேயே முறித்திருக்கிறேன். திருத்துநர் வரும்போது அவரைக் கேளுங்கள். மற்றது, பின்கட்டையின் அடியிலுள்ள பித்தளைத் தகடு. அதில் ஒரு சிறு கதவு உண்டு. உள்ளே குழல் துடைக்கும் கயிறும், விரல் நீளத்தில் பித்தளை எண்ணெய்க் குப்பியும் வைத்திருப்பார்கள். நூறாண்டு கடந்த துவக்கிலும் அந்தக் குப்பி உள்ளேயே இருக்கக் கண்டிருக்கிறேன். மூடியைத் திறந்தபோது எண்ணெய் தேன்பாகுபோல் இறுகியிருந்தது. குப்பியிலும் செய்தவரின் குறி இருக்கும்.

துருவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உப்புக் காற்றுள்ள ஊரில் துரு இல்லாத பழைய இரும்பைக் காண்பது அரிது. அதற்காக மணற்கடதாசியைத் தொட்டுவிடாதீர்கள். முத்திரைகளின் ஆழம் ஒரு மயிரிழைதான், ஒரு மாலை நேர உற்சாகத்தில் நூறாண்டு எழுத்து போய்விடும். ஒரு காட்சிக்கூடத்தில், பெயர் வேண்டாம், திறப்பு விழாவுக்காக வரிசையாக வைத்த எல்லாத் துவக்குகளுக்கும் பளபளப்பான கறுப்பு எனாமல் பூசி வைத்திருக்கக் கண்டு வாயடைத்து நின்றிருக்கிறேன். தையல் இயந்திர எண்ணெய் ஊறிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்; தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், அதுவும் சில துளிகள். எழுத்துகளை வாசிக்க வெண்கட்டியின் தூளை விரலால் மெல்லத் தேய்த்து, அறையை இருட்டாக்கி, கைமின்விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாததும் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தால் படத்தை விடத் தெளிவாக இருக்கும்.

பதிவேட்டில் எழுத வேண்டிய வரியைக் கேட்டிருந்தீர்கள். இப்படி எழுதலாம்: "குட்டை லீ என்பீல்ட், மூன்றாம் குறி, நட்சத்திரம்; பி. எஸ். ஏ., பேர்மிங்ஹாம், 1918. இந்திய உடைமைக் குறியும் இஷாப்பூர்த் திருகாணியும் உண்டு. போல்ட் மாற்றி எண்ணிடப்பட்டது. அணிநடைப் பயிற்சிக்கு மட்டும். குழலின் தேதி பார்க்கப்படவில்லை." அதன் பக்கத்தில் தொடர் எண்ணை, பொடியில் இருப்பதைப் பார்த்து, எழுத்துடன் சேர்த்து எழுதுங்கள். கடைசித் தொடருக்குச் சற்று இடம் விட்டு வையுங்கள். திருத்துநர் வந்து மரத்துண்டைத் தூக்கிய அன்று, குழலின் அடியைப் பென்சிலால் படியெடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால், அந்த இடத்தில் எதை எழுதுவது என்று சொல்கிறேன்.